சர்க்கார் உன் வீட்டுக்குத் தர வேண்டிய நூறு ரூபாய்

மாப்ள,

இன்று மதியம் படப்பையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குள் நுழைந்ததும் சூடான பிளாஸ்டிக் வாடை மூக்கில் ஏறியது. எனக்கு முன்னால் நின்ற ஓர் அக்கா தன் மகளின் சாதிச் சான்றிதழை லேமினேஷன் போடக் கொடுத்திருந்தார். மிஷின் அதை மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. "அக்கா, ஒரிஜினலுக்குப் போடாதீங்க, அப்புறம் பிரிக்க முடியாது" என்று நான் கத்தி முடிப்பதற்குள் தாள் மறுபக்கம் பளபளவென்று வந்துவிட்டது. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "மழையில நனைஞ்சா நீ வந்து வாங்கித் தருவியா தம்பி?" என்றார். கடைக்காரன் சிரித்தான். வந்த வேலையைச் செய்யாமலே வெளியே வந்து, பைக் மேல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

நான் கடிதம் எழுதுகிற ஆள் இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் ரிப்போர்ட். ஆனால் நீ போன பிறகு உன் ஃபைலில் நடந்ததை உன்னிடம் சொல்லாமல் வைத்திருப்பது தொண்டையில் மீன்முள் மாதிரி இருக்கிறது. சொல்லிவிடுகிறேன்.

வடக்குப்பட்டில் உங்கள் வீட்டு மாடி அறைக்கு நான் வாடகைக்கு வந்த முதல் வாரமே அந்தப் பத்திரத்தைக் காட்டினாய். விருதுநகர் பக்கத்திலிருந்து வந்திருந்த எனக்கு இங்கே ஒருவரையும் தெரியாது. நான் கம்பெனியில் குவாலிட்டி இன்ஜினியர். நீ அதே கம்பெனியில், தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் கான்ட்ராக்ட் ஆபரேட்டர். "நீ படிச்சவன் ஆச்சே மச்சான், இத்தக் கொஞ்சம் பாரு" என்று உன் அம்மாவின் கல்யாணப் புடவை வந்த அட்டைப்பெட்டியைத் திறந்தாய். உள்ளே நான்காக மடித்த ஒரே ஒரு தாள். மடிப்புகளில் நார் நாராக விட்டுப்போயிருந்தது. மேலே வெள்ளைக்கார ராஜாவின் முத்திரை, நடுவில் நூறு ரூபாய், கீழே மையில் உன் கொள்ளுத்தாத்தாவின் பெயர்.

யுத்தச் செலவுக்குச் சர்க்கார் ஜனங்களிடம் வாங்கிய கடன் அது. ஊருக்கு இவ்வளவு வசூலித்துத் தர வேண்டும் என்று மணியக்காரர் வீடு வீடாக வந்து நெருக்கியிருக்கிறார். உன் கொள்ளுத்தாத்தா ஒரு காணி நிலத்தை விற்று நூறு ரூபாய் கட்டினார். யுத்தம் முடிந்தது. ராஜாவும் போனான், மணியக்காரரும் போனார். அசலும் வரவில்லை, வட்டியும் வரவில்லை. விற்ற அந்த ஒரு காணியில் இன்று கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. இன்றைய விலையை நீ ஒருமுறை சொன்னாய். நான் இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.

ஊரில் உங்கள் வீட்டுக்கு வைத்திருந்த பேர் 'சர்க்காருக்குக் கடன் குடுத்த வூடு'. கேலிதான், வேறென்ன? உன் அம்மா ரேஷன் கடை வரிசையில் நின்றால், "நீ ஏம்மே கியூவுல நிக்கிற, உனக்குத்தான் சர்க்காரே தரணுமே" என்று எவளாவது சொல்லுவாள். மற்றவர்கள் சிரிப்பார்கள். மருமகளாக வந்த நாளிலிருந்து கேட்கிறார். பத்திரம் வாங்கியவரை அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

நான் கணக்குப் போட்டேன். நூறு ரூபாய்க்கு அந்தக் காலத்து வட்டியைப் போட்டால் உன் பைக்குக்கு ஒரு டயர் கூட வராது என்றேன். நீ கோபப்படவில்லை.

"துட்டு யாருக்கு வேணும் மச்சான்? ஆமா, உங்க தாத்தா குடுத்தாரு, நாங்க தரணும்னு ஒரு வரி எழுதிக் குடுக்கட்டும். அத்த எங்கம்மா கையில குடுத்துடுவேன். அதுக்கப்புறம் எவளாவது ரேஷன் கடையில வாயத் தொறக்கட்டும், பாத்துக்கலாம்."

பிறகு தாளைத் திருப்பிக் காட்டினாய். பின்பக்கம் முழுக்கக் கட்டம் கட்டமாக இருந்தது. வட்டி வாங்கும் ஒவ்வொரு முறையும் ஒரு கட்டத்தில் கையெழுத்து விழ வேண்டும். ஒன்றில்கூட மை இல்லை. "பாரு, அத்தனையும் காலி. ஒரு பைசா வாங்கினதில்ல" என்று பரீட்சையில் நூறு மார்க் எடுத்தவன் மாதிரி சொன்னாய். காலிக் கட்டத்துக்குப் பெருமைப்பட்டவனை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அந்த வருஷ மழையில் உங்கள் வீட்டுக் கூரை ஒழுகி, அட்டைப்பெட்டியின் ஒரு மூலை நனைந்தது. தாள் தப்பித்தது. நான்தான் குதித்தேன். "இவ்வளவு முக்கியமான டாக்குமெண்டை இப்படியா வைப்பே? நனைஞ்சிருந்தா யார் தருவா?" என்று உன்னைத் திட்டிவிட்டு, நீ ஷிஃப்டில் இருந்த நேரத்தில் அதை ஒரகடம் கூட்டு ரோட்டுக்கு எடுத்துப் போய் லேமினேஷன் போட்டேன். நாற்பது ரூபாய். நல்ல கனமான உறையாகப் போடச் சொன்னேன். யாரையும் கேட்கவில்லை. நான் யாரைக் கேட்டிருக்கிறேன்? நீ வந்து பார்த்து, "டேய், கண்ணாடியாட்டம் கீதுடா!" என்று வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துச் சிரித்தாய். உன் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாய். நம் ஊரில் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து பட்டா வரைக்கும் எல்லாரும் அப்படித்தான் செய்கிறோம். காகிதத்தின் மேல் மரியாதை இருந்தால் பிளாஸ்டிக் போடுவோம்.

பிறகு உன் அலைச்சல் ஆரம்பித்தது. வார விடுமுறையை ஞாயிறிலிருந்து மாற்றிப் புதன்கிழமைக்கு வாங்கிக்கொண்டாய். தாலுகா ஆபீஸில் கலெக்டர் ஆபீஸைக் கை காட்டினார்கள். அங்கே கருவூலம் என்றார்கள். கருவூலத்தில் ஒருவர் பத்திரத்தைப் பார்த்துவிட்டு, "இத வெள்ளைக்காரன்கிட்டப் போய்க் கேளுப்பா" என்றார். நீ அவரிடம், "அவன் போட்ட சர்வே நம்பர வச்சுத்தான சார் கம்பெனிக்கு நெலம் எடுக்கிறீங்க? அவன் நம்பர் செல்லும், அவன் வாங்கின கடன் செல்லாதா?" என்று கேட்டாயாம். அதற்கு அவர் டீ குடிக்கப் போய்விட்டார். உன் வாயிலிருந்து வந்ததிலேயே சரியான கேள்வி அதுதான். பதில் இன்றுவரை வரவில்லை.

கடைசியில் சென்னையில் ஓர் அலுவலகம் மனுவை வாங்கிக்கொண்டது. வாரிசுப் பட்டியல் கேட்டது. உன் கொள்ளுத்தாத்தாவின் இறப்புச் சான்றிதழ் கேட்டது. "இருந்தா இன்னிக்கு நூத்திருபது வயசு சார், வேணும்னா வூட்டுல தேடிப் பாக்கிறேன்" என்று நீ சொன்னதை அங்கிருந்த எழுத்தர் ரசிக்கவில்லை. சான்றிதழ் இல்லை என்பதற்கு ஒரு சான்றிதழ் வாங்க நாலு புதன்கிழமை போயிற்று. அதுவரை நான் உன்னோடு இரண்டு முறைதான் வந்திருந்தேன். இரண்டு முறையும் யாரோடாவது சண்டை போட்டேன். "நீ வராத மச்சான். நீ வந்தா ஒரு மாசம் பின்னாடி போவுது" என்று என்னைக் கழற்றிவிட்டாய்.

வாரிசுக் கையெழுத்துக்குச் சேரப்பணஞ்சேரியில் இருக்கும், காலமான உன் அப்பாவின் அண்ணனான பெரியப்பாவிடம் போனோம். அதற்கு மட்டும் என்னைக் கூட்டிப்போனாய். தண்ணீர் லாரி வைத்திருக்கிற மனிதர்.

"வாங்க ஜமீன்தாரே! டில்லியிலர்ந்து செக்கு வந்துடுச்சா?" என்றார்.

"கையெழுத்துப் போடு பெரிப்பா. வந்தா உனுக்கும் பங்கு கீது."

"எவ்ளோ?"

"பதினோரு ரூபா சொச்சம்."

"அடப்பாவி, பெட்ரோலுக்கே பத்தாதேடா!"

"இப்பவே ஃபோன்ல அனுப்பிடறேன், போடு" என்று நீ நிஜமாகவே பதினொரு ரூபாய் அனுப்பினாய். அவர் ஃபோன் சத்தமாக அதை அறிவித்தது. அவர் வீட்டு ஆட்கள் எல்லாம் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். "சர்க்கார் குடுக்காத கடன இவன் குடுக்கிறான் பாரு" என்றார். நீ அந்தக் காகிதத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பைக்கில் உட்கார்ந்ததும் உன் காது சிவந்திருந்ததை நான் பார்த்தேன். 

எல்லாக் காகிதமும் சேர்ந்த பிறகு அசலைக் காட்டச் சொன்னார்கள். அந்தப் புதன்கிழமை நீ வேண்டாம் என்றும் கேட்காமல் நானும் வந்தேன். எழுத்தர் உறையை விரலால் தட்டிப் பார்த்தார்.

"இன்னாங்க இது? பின்னாடி கட்டத்துல வாரிசு கையெழுத்து வாங்கி நான் முத்திரை குத்தணும். எங்க குத்தறது, பிளாஸ்டிக் மேலயா? தாள வெரல்ல தொட்டுப் பாக்கணும், முத்திரை மேடு கீதான்னு தடவிப் பாக்கணும். இது அசலா கலர் ஜெராக்ஸான்னு நான் எப்பிடி எழுதறது? யாரு பண்ணது இந்த வேலைய?"

நான் வாயைத் திறப்பதற்குள் நீ, "நான்தான் சார். தெரியாம பண்ணிட்டேன்" என்றாய்.

அவர் ஃபைலில் அதை ஒரு குறிப்பாக எழுதிக்கொண்டார். வெளியே வந்து படிக்கட்டில் உன் சட்டையைப் பிடித்தேன். ஏன் பொய் சொன்னாய் என்றேன். "உன் பேரச் சொன்னா நீ யாரு, எதுக்கு எங்க தாத்தா பத்திரத்தத் தொட்டேன்னு இன்னொரு ஃபைலு தொறப்பான். வுடு மச்சான், எனுக்கு அவன்கிட்டத் திட்டு வாங்கிப் பழக்கம்" என்றாய்.

உறையைப் பிரிக்க முடியுமா என்று நான் முயன்றேன். பழைய கிரயப் பத்திரத்தின் வெற்றுத்தாள் ஒன்றை வாங்கி, அதே கடையில் அதே உறை போட்டு, கம்பெனி லேபில் ஹீட் கன் வைத்துச் சூடாக்கிப் பார்த்தேன். குளிரூட்டிப் பார்த்தேன். எப்படிச் செய்தாலும் பிளாஸ்டிக்கோடு தாளின் மேல்தோல் உரிந்து வந்தது. மூன்று மாதிரி, மூன்றும் நாசம். பத்திரத்தில் கை வைக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. "சரி, வேற வழி இருக்கும். மனு போடுவோம்" என்றாய். போட்டாய்.

அதற்குள் ஐப்பசி வந்தது. காலை ஷிஃப்டுக்கு வரும்போது சர்வீஸ் ரோட்டில் தேங்கிய தண்ணீருக்கு ஒதுங்கி நீ வண்டியை நடுரோட்டுக்குத் திருப்பினாய். பின்னால் லாரி. அதற்குமேல் அதை எழுத எனக்கு இஷ்டமில்லை.

உன் இறப்புச் சான்றிதழ் ஒரே வாரத்தில் கிடைத்தது. எந்தக் கவுன்ட்டரிலும் யாரும் அலைய விடவில்லை. அதை வாங்கிக்கொண்டு வந்தபோது எனக்கு வந்த ஆத்திரத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியாமல், லைனில் ஒரு டிரெய்னிப் பையனைக் காரணமில்லாமல் திட்டித் தீர்த்தேன்.

இரண்டு மாதம் கழித்து உன் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. அசல் ஆவணம் இந்த நிலைக்கு வந்தது எப்படி என்று உறுதிமொழிப் பத்திரத்தில் விளக்கம் தர வேண்டும், விளக்கம் திருப்தியாக இருந்தால் பழைய பதிவேட்டோடு ஒப்பிட்டு மேல் நடவடிக்கை எடுக்கப்படும் என்று எழுதியிருந்தது. அத்தனை மனுவுக்கும் வராத பதில், கேட்டவன் இல்லாதபோது வந்தது. உன் அம்மா கேன்டீன் வேலை முடிந்து, கழுத்தில் அடையாள அட்டையோடு மாடிக்கு ஏறி வந்து அதை என் கையில் கொடுத்தார்.

"படிச்சுப் பாரு கண்ணு. அவன் ஆரம்பிச்சது பாதியில நிக்க வேணாம்."

ஸ்ரீபெரும்புதூரில் மனு எழுதிக் கொடுக்கிறவர் ஒருவரிடம் போனேன். ஃபைலில் இருப்பதைக் கேட்டுவிட்டு அவர் சந்தோஷப்பட்டார். "ரொம்ப ஈஸி தம்பி. அந்தப் பையனே தெரியாம பண்ணிட்டேன்னு சொன்னதா அவங்களே எழுதி வச்சிருக்காங்க. அதையே போட்ருவோம். 'காலஞ்சென்ற என் மகன் அறியாமையினால் செய்துவிட்டான்'னு அம்மா கையெழுத்து. செத்தவன யார் கூப்ட்டு விசாரிக்கப்போறான்? உன் பேரு உள்ள வந்தா சம்பந்தமில்லாத ஆள் அசல்ல கை வச்சான்னு ஆயிடும். மொத்தமும் ஊத்திக்கும்."

அவர் சொன்னது சரி. தொழில் தெரிந்தவர். நானும் தொழில் தெரிந்தவன்தான். பிரஸ்ஸில் டை என்கிற அச்சு உடைந்தாலும், பீஸ் தப்பாக வந்தாலும், 'ஆபரேட்டர் கவனக்குறைவு, பயிற்சி அளிக்கப்பட்டது' என்று எழுதி நான் மூடிய ரிப்போர்ட்டுகள் எத்தனை என்று உனக்குத் தெரியும். நாலைந்தில் நீயே அந்த ஆபரேட்டர். "எய்து எய்து, உனுக்கும் மேல பதில் சொல்லணும் இல்ல" என்று சிரித்தவன் நீ.

டைப் அடித்த தாளை உன் அம்மாவிடம் கொண்டுபோனேன். படித்துக் காட்டினேன். அப்புறம், இது பொய், போட்டது நான்தான் என்றேன். அவர் பேனாவை மூடினார்.

"தெரியும் கண்ணு. ஆபீஸ்லர்ந்து வந்த அன்னிக்கே சொல்லிட்டான். மாடித் தம்பி ஆசையா பண்ணிட்டான், நீ அவன்கிட்ட ஒண்ணும் கேட்டுக்காதன்னான்."

 உண்மையை எழுதினால் காரியம் கெடும் என்று மனு எழுதுகிறவர் சொன்னதை விளக்கினேன். உன் அம்மா முழுதும் கேட்டார்.

"ஏமாந்தவன்னு எங்க வூட்ல ஒருத்தர் பேரு போதும். அத்த வச்சே இத்தினி வருசம் சிரிக்கிறானுங்க. எம்புள்ள பேரயும் அறியாதவன்னு சர்க்கார் காயிதத்துல எய்தாத. வராத துட்டு வராமயே போவட்டும்."

அந்தத் தாளைக் கிழித்தேன். புதிதாக நானே எழுதினேன். உரிமையாளருக்குத் தெரியாமல், யாரையும் கேட்காமல், அசல் பத்திரத்துக்கு லேமினேஷன் போட்டது நான். மனுதாரர் அலுவலகத்தில் சொன்னது என்னைக் காப்பாற்றுவதற்காக. இதற்கும் அவர் குடும்பத்துக்கும் சம்பந்தமில்லை. கீழே என் பெயர், அப்பா பெயர், விலாசம், கையெழுத்து. மனு எழுதுகிறவர் தலையில் அடித்துக்கொண்டார்.

அந்தப் புதன்கிழமை எழுத்தர் அதை இரண்டு முறை படித்தார். அத்தனை அலைச்சலில் முதல்முறையாக, "உக்காருங்க" என்றார்.

"நீங்க இவருக்கு இன்னா வேணும்?"

"வாடகைக்கு இருந்தேன் சார். ஃப்ரெண்டு."

"ஏன் போட்டீங்க?"

"மழை சார்."

அவர் பெருமூச்சு விட்டார். "என் பொண்ணு பர்த் சர்டிபிகேட்டுக்கு எங்க வூட்லயும் இதேதான் பண்ணாங்க" என்றார். பிறகு, "மூணாவது ஆள் கை பட்டிருக்குன்னு மேல கேப்பாங்க. நிபுணருக்கு அனுப்பணும்பாங்க. இழுக்கும். நீங்க அந்தம்மாகிட்ட அதிகாரப் பத்திரம் வாங்கிட்டு வந்துடுங்க, ஒவ்வொரு தடவையும் அவங்கள அலைய விடாதீங்க" என்றார்.

இழுக்கிறது. நிபுணர் யார் என்று முடிவு செய்ய ஒரு கடிதம் போயிருக்கிறது, அதற்கு நினைவூட்டல் போயிருக்கிறது, அந்த நினைவூட்டல் எங்கே என்று நான் தேடிக்கொண்டிருக்கிறேன். நூறு ரூபாய், மாப்ள! நூறு ரூபாய்க்காகச் சர்க்கார் இதுவரை செலவு செய்த தபால் தலைக் காசைக் கொடுத்திருந்தாலே உன் கொள்ளுத்தாத்தாவின் கடன் தீர்ந்திருக்கும். பொறுமை கற்றுக்கொண்டேன் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். கற்கவில்லை. போன மாதம்கூட ஒருவரோடு சண்டை. ஆனால் அந்த ஒரு வரியை உன் அம்மா கையில் கொடுக்காமல் விடப்போவதில்லை. ரேஷன் கடையில் இன்னும் சிரிக்கிறார்களா என்று நான் அவரிடம் கேட்பதில்லை.

நானும் வார விடுமுறையைப் புதன்கிழமைக்கு மாற்றிக்கொண்டேன். அந்த அலுவலகத்தில் ஃபைல் இன்னும் முதல் மனுதாரரின் பெயரில்தான் இருக்கிறது. காலஞ்சென்ற என்று பக்கத்தில் பென்சிலில் எழுதியிருக்கிறார்கள், ஆனால் ஆளைக் கூப்பிடுகிற பியூன் அதையெல்லாம் படிப்பதில்லை. கம்பெனியில் உன் பெயரை யாரும் சொல்வதில்லை. உன் மிஷினில் வேறொருவன் நிற்கிறான். வீட்டில் உன் அம்மா 'அவன்' என்பதோடு சரி. அந்த அலுவலக வராந்தாவில் மட்டும், மாதம் ஒருமுறை, கதவைத் திறந்து ஓர் ஆள் உன் பெயரையும் உன் அப்பா பெயரையும் அவ்வளவு பேர் முன்னால் சத்தமாகக் கூப்பிடுகிறான்.

நான் எழுந்து நின்று, "இருக்கேன் சார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போகிறேன்.